ஆயிரம் பெசோ நோட்டில் இருந்த ஜெனரல்

வாசகர் கேள்வி பதில்

"1942இல் பத்தான் குடாநாட்டில் சரணடைந்த அமெரிக்கப் படையில் ஆறில் ஐந்து பேர் பிலிப்பினோக்கள்" என்று கடந்த இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வருமென்று எதிர்பார்க்கவில்லை. பத்தான் இருப்பது பிலிப்பைன்ஸில்; அப்போது அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்த அந்த நாட்டை ஜப்பான் தாக்கிய யுத்தம் அது. கடிதங்களில் பெரும்பாலானவை பிலிப்பைன்ஸ் இராணுவத்தின் 41ஆம் டிவிசனைச் சுற்றியே இருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

கேள்வி: கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்த பழைய ஆயிரம் பெசோ நோட்டில் மூன்று பேரின் படம் இருக்கிறது. ஒருவர் இராணுவத் தளபதி என்கிறார். யார் அவர்? (வட்டுக்கோட்டை வாசகி)

பதில்: பிரிகேடியர் ஜெனரல் விசென்தே லிம். 41ஆம் டிவிசனின் தளபதி. 1888இல் லகூனா மாகாணத்துக் கலம்பாவில் பிறந்தவர். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹொசே ரிசால் பிறந்ததும் அதே ஊர். அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் படித்து வெளியேறிய முதல் பிலிப்பினோ அவர்தான், அது 1914இல். பத்தானில் சிறைப்பட்டார், விடுதலையானார், பிறகு கெரில்லாக்களோடு சேர்ந்தார். 1944 ஜூனில் அவுஸ்திரேலியாவுக்குப் போவதற்காக நீர்மூழ்கிக் கப்பலைச் சந்திக்கப் போகும் வழியில் ஜப்பானியரிடம் மாட்டுப்பட்டார். திரும்பி வரவில்லை.

மற்ற இருவர் பிரதம நீதியரசர் ஹொசே அபாட் சாந்தோஸ், பிலிப்பைன்ஸ் பெண் சாரணியத்தை ஆரம்பித்த ஹொசேபா எஸ்கோதா. மூவருமே ஜப்பானியரால் கொல்லப்பட்டவர்கள். 1991இல் வந்த அந்த நோட்டு வடிவத்தை 2022இன் பொலிமர் நோட்டில் மாற்றி, மூவரும் இருந்த இடத்தில் பிலிப்பைன்ஸ் கழுகை வைத்தார்கள். அங்கே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. எங்களுக்கும் அது பிடிக்கவில்லை.

கேள்வி: 41ஆம் டிவிசன் என்றால் அதற்கு முன் நாற்பது டிவிசன்கள் இருந்தனவா? அவ்வளவு பெரிய இராணுவமா? (கரவெட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: இல்லை ஐயா. அந்த எண் வரிசை எண் அல்ல, விலாசம். 1935 டிசம்பரில் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாடு பத்து இராணுவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஒரு றிசேவ் டிவிசன், அதாவது தேவை வரும்போது மட்டும் அழைக்கப்படும் படை. நாலாம் மாவட்டத்தின் முதலாவது டிவிசன் 41. அப்படியே 11, 21, 31 என்று போய் 101இல் முடியும். பத்து டிவிசன்கள்தான். ஒன்றில் 7,500 பேர் என்பது திட்டம். அமெரிக்க டிவிசன் இதன் இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். இவை தவிர நிரந்தரப் படையான 1ஆம் டிவிசனும், பொலிஸ் படையை மாற்றி அமைத்த 2ஆம் டிவிசனும் இருந்தன.

டிவிசனுக்குள் மூன்று காலாட்படை றெஜிமென்றுகள்: 41, 42, 43. பீரங்கி றெஜிமென்றுக்கும் 41தான் எண். ஆகவே ஒரு புத்தகத்தில் வெறுமனே "41" என்று கண்டால், டிவிசனா, காலாட்படை றெஜிமென்றா, பீரங்கியா என்று பாருங்கள். இதைவிடப் பெரிய பொறி 31. பத்தானில் பிலிப்பைன்ஸ் இராணுவத்தின் 31ஆம் டிவிசன் இருந்தது, அதற்குள் 31ஆம் காலாட்படை றெஜிமென்ற் இருந்தது, அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அமெரிக்கர்கள் மட்டுமே உள்ள இன்னொரு 31ஆம் காலாட்படை றெஜிமென்றும் இருந்தது. ஒருவருடைய வீரத்தை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்ட கட்டுரைகள் நிறைய உண்டு. எண்ணுக்குப் பின்னால் பீ.ஏ. என்றிருந்தால் பிலிப்பைன்ஸ் இராணுவம், பீ.எஸ். என்றிருந்தால் பிலிப்பைன் ஸ்கவுற்ஸ், அதாவது அமெரிக்க நிரந்தர இராணுவத்தில் சேர்ந்த பிலிப்பினோச் சிப்பாய்கள். "பிலிப்பைன் டிவிசன்" என்று எண்ணில்லாமல் வருவது இந்த ஸ்கவுற்ஸ் றெஜிமென்றுகளும் அந்த அமெரிக்க 31உம் சேர்ந்தது. கலிபோர்னியாவில் குடியேறிய பிலிப்பினோக்களைக் கொண்டு 1942இல் உருவான 1ஆம் பிலிப்பினோ காலாட்படை றெஜிமென்ற் முற்றிலும் வேறு. அது பத்தானைப் பார்த்ததே இல்லை.

கேள்வி: பிலிப்பினோ டிவிசன்கள் முதல் அடியிலேயே சிதறி ஓடிவிட்டன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: பிலிப்பைன்ஸின் பெரிய தீவான லூசோனின் லிங்கயென் குடாவில் 1941 டிசம்பர் 22இல் ஜப்பானியர் இறங்கியபோது சில பிரிவுகள் கலைந்தது உண்மை. ஆனால் அந்தக் காணொளி ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு டிவிசன் எப்படித் திரட்டப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிலிப்பைன்ஸ் இராணுவத்தைத் தன் படையோடு சேர்க்கும் ஆணையில் கையொப்பமிட்டது 1941 ஜூலை 26. செப்டெம்பர் 1இல் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு றெஜிமென்றை மட்டும் அழைத்தார்கள், ஏனென்றால் படுக்க முகாமே கட்டி முடியவில்லை. இரண்டாவது றெஜிமென்ற் அதன் பின். மூன்றாவது, யுத்தம் தொடங்குகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. அந்த மூன்றாவதில் ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல் முன்னரங்குக்குப் போனவர்கள் ஏராளம். முன்பு எடுத்த பயிற்சி என்பது ஐந்தரை மாதம், அதுவும் சிலருக்கு நாலு வருடத்துக்கு முந்தியது.

அடுத்தது றைபிள். முதலாம் உலகப்போர்க் காலத்து என்பீல்ட் 1917. நீளம் 117 சென்ரிமீற்றருக்கு மேல், பாரம் நாலு கிலோவுக்கு மேல். கைநீளமான அமெரிக்கருக்குச் செய்த கட்டை. குள்ளமான ஆள் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டுவதே பாடு. உண்மையான வில்லங்கம் உள்ளே இருந்தது. சுட்டபின் வெற்றுத் தோட்டாக்கோதைக் கவ்வி வெளியே இழுக்க ஒரு சிறு எஃகுக் கொக்கி உண்டு. பழைய துவக்குகளில் அது இலகுவாக முறிந்தது. மாற்றுக் கொக்கி கையிருப்பில் இல்லை. கொக்கி போனால் சூடாகி விரிந்த கோது அறைக்குள்ளேயே இறுகி நிற்கும். குழல் வாயால் மூங்கில் குச்சியை விட்டு இடித்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். நிமிடத்துக்குப் பத்துத் தோட்டா சுடவேண்டிய ஆள் ஒன்றைச் சுட்டுவிட்டு மூங்கில் தேடுகிறான். மோட்டார் எறிகணைகளும் பழையவை. விழுந்தவற்றில் பல வெடிக்கவில்லை.

காலில் இறப்பர் அடி வைத்த கன்வஸ் சப்பாத்து, அது மலைக்காட்டில் சில கிழமைகளில் கிழிந்தது. தலையில் இரும்புத் தொப்பி இல்லை. கினிற் என்று அவர்கள் சொல்லும் தொப்பி. தென்னம் பன்னாடையைப் படிய இறுக்கிச் செய்தது. வெயிலுக்கு நல்லது. செல் சிதறலுக்குப் பன்னாடை என்ன செய்யும் என்று எங்கள் ஊரவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மொழி இன்னொரு சங்கடம். கட்டளை ஆங்கிலத்தில் வரும். அதிகாரி தகலொக் பேசுவார். பிக்கோல் பக்கத்துச் சிப்பாய்க்கோ விசாயாத் தீவுச் சிப்பாய்க்கோ இரண்டும் சரியாகப் பிடிபடாது. தமிழும் கன்னடமும் போல ஒரே குடும்பம்தான், ஆனால் துவக்குச் சூட்டுக்கு நடுவில் "இடப்பக்கம் பின்வாங்கு" என்பதைக் கன்னடத்தில் கேட்டுப் பாருங்கள். 41ஆம் டிவிசன் மற்றவற்றைவிட உறுதியாக நின்றதற்கு எங்கள் கணிப்பில் இரண்டு காரணங்கள். ஆட்கள் பெரும்பாலும் தெற்கு லூசோனின் தகலொக் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள், ஆகவே சொல்வது விளங்கியது. இரண்டாவது, லிங்கயென் கரையில் அடிபடாமல், டிசம்பர் கடைசியில் ஒழுங்கு குலையாமல் பத்தானுக்குள் வந்து, அகழி வெட்ட நாள் கிடைத்தது.

கேள்வி: வயலும் நெல்லும் உள்ள நாட்டில் ஒரு படை எப்படிப் பட்டினி கிடந்தது? (அளவெட்டி, கமக்காரர்)

பதில்: நெல் இருந்தது, வேறிடத்தில் இருந்தது. கபனாத்துவான் களஞ்சியத்தில் மலைபோல் கிடந்த அரிசியை எடுத்துவர முடியவில்லை. ஒரு மாகாணத்து அரிசியை இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டுபோகக்கூடாது என்ற விதியைக் காட்டித் தடுத்தார்கள். ஜப்பானியரைக் கடற்கரையிலேயே மறிப்பது என்று முதலில் முடிவெடுத்ததால் சாப்பாடும் முன்னால் பல இடங்களில் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 23இல் திட்டம் மாறி எல்லோரும் பத்தானுக்கு என்றபோது லொறியும் நேரமும் போதவில்லை.

கடற்கரையில் மறிப்பது என்ற முடிவுக்கும் முந்திய பழைய திட்டத்தில் பத்தானுக்குள் 43,000 பேர், ஆறு மாதம். உள்ளே வந்தது ஏறக்குறைய 80,000 படையினரும் 26,000 பொதுமக்களும். ஒரு இலட்சம் பேர் என்று வைத்து இருப்பை எண்ணினார்கள். தகரத்தில் அடைத்த இறைச்சியும் மீனும் 50 நாளுக்கு, தகரப்பால் 40 நாளுக்கு, மா 30 நாளுக்கு. அரிசி 20 நாளுக்கு! சோறு தின்னும் படைக்கு.

ஜனவரி 5இல் பங்கீடு பாதியானது. போரிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,500 முதல் 4,000 கலோரி வேண்டும். ஜனவரியில் 2,000 கிடைத்தது, பெப்ரவரியில் 1,500, மார்ச்சில் 1,000. எருமை, கோவேறுகழுதை, கடைசியில் 26ஆம் குதிரைப்படையின் குதிரைகள் எல்லாம் சட்டிக்குள் போயின.

பசியோடு பெரிபெரியும் வந்தது. நீங்கள் கமக்காரர், இதைச் சட்டென்று பிடிப்பீர்கள். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் தயமின் என்ற விற்றமின் பி1 தவிட்டோடு போய்விடும். எங்கள் புழுங்கலில் நெல்லை அவிக்கும்போதே அது தவிட்டிலிருந்து மணிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு குற்றினாலும் ஒரு பங்கு தங்கும். காய்கறியும் பருப்பும் இல்லாமல் தீட்டிய அரிசியை மட்டும் தின்றால் சில வாரத்தில் கால் வீங்கும், நரம்பு தளரும், ஏறி நடக்க ஏலாது. "பெரிபெரி" என்ற பெயரே ஏலாது என்னும் சிங்களச் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள்.

மலேரியாவுக்குக் கொயினா வேண்டும். உலகக் கொயினாவின் பெரும்பகுதி ஜாவாவில் விளைந்தது. மார்ச்சில் ஜாவா விழுந்தது. அதே மாதம் பத்தானில் நோய்த்தடுப்புக்கு மாத்திரை கொடுப்பது நின்று, படுத்தவனுக்கு மட்டும் என்றாகி, பிறகு அவனுக்கும் போதாமல் போனது.

கேள்வி: 41ஆம் டிவிசன் போரிட்ட இடங்களையும் திகதிகளையும் வரிசையாகத் தரமுடியுமா? (நல்லூர், உயர்தர வரலாற்று மாணவன்)

பதில்: குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் வரைபடத்தோடு. பத்தானின் நடுவே இரண்டு மலைத்தொகுதிகள்: வடக்கே நத்திப், தெற்கே மரிவெலஸ். முதல் காவல் வரிசை நத்திப்பின் இரு பக்கமும் ஓடியது. கிழக்குக் கரையில் அபுகாய். கரையோரம் 57ஆம் ஸ்கவுற்ஸ், நடுவில் 41ஆம் டிவிசன், மலைப்பக்கம் 51ஆம் டிவிசன். ஜனவரி 9இல் ஜப்பானியரின் 65ஆம் பிரிகேட் அடிக்கத் தொடங்கியது. கரையில் முடியாமல் நடுவுக்கு வந்தது, நடுவிலும் முடியாமல் மலைப்பக்கம் தள்ளிப்போனது. ஜனவரி 16இல் 51ஆம் டிவிசன் எதிர்த்தாக்குதலுக்கு முன்னேறி, அதிலேயே உடைந்தது.

அந்த வேளையில் 41இன் இடக்கோடியில் நின்றது 43ஆம் றெஜிமென்ற். பக்கத்து வளவுக்காரன் வேலியை விட்டு ஓடிவிட்டால் உங்கள் மூலை வேலியைப் பின்பக்கமாக மடக்கிக் கட்டுவீர்களே, அதையே செய்தார்கள். இடக்கோடியைப் பின்னே வளைத்து எதிரியைப் பக்கவாட்டில் வரவிடாமல் நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற படைக்கே கஷ்டமான காரியம். இருட்டில் பின்னே நகரும்போது பாதிப் பேர் நகர்ந்து பாதிப் பேர் நின்றுவிட்டால் நடுவே ஓட்டை விழும். ஓட்டை விழவில்லை. பரீட்சைக்கு இதைக் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் 41 செய்த மிகச் சிறந்த வேலை இதுதான் என்போம்.

நத்திப் பக்கத்து இடைவெளி அடைபடாததால் ஜனவரி 26க்குள் எல்லோரும் ஒரியோன் - பகாக் என்ற இரண்டாவது வரிசைக்குப் பின்வாங்கினர். அங்கே 41க்குக் கிடைத்தது சமத் மலைக்கு மேற்கே, பந்திங்கான் ஆறு வரையுள்ள பகுதி. பெப்ரவரி 8இல் ஜப்பானியத் தளபதி ஹொம்மா தாக்குதலை நிறுத்தினார். அவருடைய சிறந்த 48ஆம் டிவிசனை ஏற்கெனவே ஜாவாவுக்கு எடுத்துவிட்டார்கள், மிச்சப் படை நோயிலும் இழப்பிலும் நொந்திருந்தது. பிறகு ஷங்காயிலிருந்து 4ஆம் டிவிசன் வந்தது, கனரகப் பீரங்கிகள் வந்தன, பொம்பர்கள் வந்தன.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. ஜப்பானியருக்கு அது ஜிம்மு பேரரசர் நினைவுநாள். 150க்கு மேற்பட்ட பீரங்கிகளும் மோட்டார்களும் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி மட்டும், சிறு இடைவெளி தவிர, 41ஆம் டிவிசன் நின்ற பகுதியை மையமாக வைத்து அடித்தன. விமானங்கள் அதே பகுதியில் 60 தொன்னுக்கு மேல் குண்டு போட்டன. கோடைகாலம், மூங்கில் காடு காய்ந்து கிடந்தது. செல் விழுந்த இடமெல்லாம் தீப்பற்றியது. பங்கருக்குள் இருந்தவன் செல்லுக்குப் பதுங்கலாம், நெருப்புக்கும் புகைக்கும் பதுங்க முடியாது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கட்டளையும் நின்றது. 42ஆம், 43ஆம் றெஜிமென்றுகள் கலைந்தன. ஜப்பானியக் காலாட்படை வந்தபோது எதிர்க்க அங்கே அதிகம் பேர் இல்லை. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, சமத் மலை போனது. ஏப்ரல் 9இல் அங்கிருந்த அமெரிக்கத் தளபதி ஜெனரல் கிங் பத்தானைச் சரணாக்கினார்.

கேள்வி: 1942 ஏப்ரலில்தான் இலங்கையிலும் குண்டு விழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: திகதிகள் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. சமத் மலை விழுந்த உயிர்த்த ஞாயிற்றுக்கிழமைதான் கொழும்பில் குண்டு விழுந்தது. பத்தான் சரணடைந்த 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் அங்கே அடித்தது ஹொம்மாவின் 14ஆம் இராணுவம், இங்கே அடித்தது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கடற்படை. ஒரே திட்டத்தின் இரு கைகள் அல்ல. பொதுவானது அரிசிதான்: மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்று எங்களுக்கும் கூப்பன் வாழ்க்கை தொடங்கியது.

கேள்வி: சமையற்காரர் ஒருவர் அமெரிக்காவின் அதியுயர் வீரப்பதக்கம் வாங்கினாராமே? (காரைநகர்)

பதில்: சார்ஜன்ற் ஹொசே கலூகாஸ், 88ஆம் பீரங்கி றெஜிமென்ற், ஸ்கவுற்ஸ். 1942 ஜனவரி 16, குலிஸ் என்ற இடம். குண்டடி பட்டு ஆளில்லாமல் நின்ற பீரங்கியை நோக்கி, சமையலை விட்டுவிட்டுச் செல் மழைக்குள் ஆயிரம் யார் ஓடி, ஆட்களைச் சேர்த்து அதை மீண்டும் இயக்கினார். 41ஆம் டிவிசனைச் சேர்ந்தவர் அல்லர்.

கேள்வி: சரணடைந்தபின் அவர்களுக்கு என்ன நடந்தது? பிறகு ஓய்வூதியமாவது கிடைத்ததா? (கோண்டாவில் வாசகி)

பதில்: மரிவெலஸிலிருந்தும் பகாக்கிலிருந்தும் சான் பெர்னாண்டோ வரை சித்திரை வெயிலில் நடை, மரிவெலஸிலிருந்து வந்தவர்களுக்கு அது நூறு கிலோமீற்றரளவு. அங்கிருந்து கபாஸ் வரை அடைத்த சரக்குப் பெட்டிகளில் ரயில், மறுபடி நடந்து ஒடொனல் முகாம். வழியில் இறந்த பிலிப்பினோக்கள் 5,000 என்பாரும் உண்டு, 18,000 என்பாரும் உண்டு. முகாமுக்குள் இறந்தவர்கள் 20,000க்கு மேல். பந்திங்கான் ஆற்றங்கரையில் ஏப்ரல் 12இல், பெரும்பாலும் 91ஆம் டிவிசனைச் சேர்ந்த சில நூறு பிலிப்பினோ அதிகாரிகளைக் கையைக் கட்டி வாளாலும் துவக்குமுனைக் கத்தியாலும் கொன்றார்கள். உயிரோடு மிஞ்சிய பிலிப்பினோக் கைதிகளை 1942 ஜூன் கடைசியிலிருந்து சிறிது சிறிதாக விட்டார்கள்.

ஓய்வூதியத்தைக் கேட்டால் கோபம்தான் வரும். அமெரிக்க ஆணையின்கீழ் போரிட்டவர்கள். 1946 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ், பிலிப்பைன்ஸ் இராணுவச் சேவையை அமெரிக்கச் சேவையாகக் கணக்கெடுக்க முடியாது என்று சட்டம் போட்டு, முன்னாள் படையினருக்கான சலுகைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. 63 வருடம் கழித்து, 2009இல், உயிரோடு இருந்தவர்களுக்கு ஒரேமுறைக் கொடுப்பனவு: அமெரிக்கக் குடியுரிமை உள்ளவருக்கு 15,000 டொலர், இல்லாதவருக்கு 9,000. 2017இல் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கினார்கள். அப்போது வாங்க வந்த முன்னாள் படையினர் பெரும்பாலும் தொண்ணூறைத் தொட்டவர்கள்.

கேள்வி: மணிலாவுக்கு வேலைக்குப் போகிறேன். அந்த இடங்களைப் பார்க்க முடியுமா? (பருத்தித்துறை)

பதில்: தாராளமாக. சமத் மலை உச்சியில் 90 மீற்றருக்கு மேல் உயரமான சிலுவை நிற்கிறது. கீழே கரைப் பாதையிலிருந்தே தெரியும். 41 நின்ற பகுதி சிலுவைக்கு மேற்கே, பந்திங்கான் பக்கம். அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, பற்றைதான். ஏப்ரல் 9 அங்கே அரசு விடுமுறை, அன்று போனால் கூட்டத்துக்குள் அகப்படுவீர்கள். மரிவெலஸில் பூச்சியக் கல்லில் தொடங்கி, நடை போன தெருவோரம் கிலோமீற்றருக்கு ஒன்றாக வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பஸ்ஸின் தெருவோர ஜன்னலில் இருந்து எண்ணிக்கொண்டு போகலாம். கபாஸில் அந்தச் சரக்குப் பெட்டிகளில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் காற்று வர எவ்வளவு வழி இருந்தது என்று தெரியும்.